பெயர் மட்டும் மிஞ்சிய பேருடல்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் வழியில் நம் கண்முன் எழும் மலைப்பாறைகள் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. தொல்விலங்கின் எலும்பை அவற்றுள் தேடிப் பயனில்லை. அதற்கு நாம் வடக்கே, பண்டைக் காலத்தில் கடல் வந்து மீண்ட அரியலூர்ப் பகுதிக்குத்தான் செல்லவேண்டும்.

அங்குள்ள கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யசாமியும் 1987-ஆம் ஆண்டு ஒரு டைனோசருக்குப் பெயர் சூட்டினர். புருகத்காயோசாரஸ் மேட்லியை என்பது அப்பெயர். பேருடல் எனப் பொருள்படும் வடசொல்லோடு பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் சேர்ந்தது முற்பகுதி. பிற்பகுதி, இப்பகுதியின் டைனோசர் எச்சங்களைப் பற்றி 1929-இல் எழுதிய ஆங்கிலேயப் புவியியலாளர் மேட்லியின் நினைவாக அமைந்தது. தமிழ் மண்ணின் விலங்குக்கு வாய்த்த பெயரில் தமிழ் இல்லையே என்ற சிறு குறை நமக்குண்டு. அது கிடக்கட்டும்.

முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே ஏறத்தாழ 2 மீட்டர் நீளம்! முதலில் இதனை ஊனுண்ணி என்றே வகைப்படுத்தினர். நீள்கழுத்துத் தாவர உண்ணியாகவே இருக்கவேண்டும் எனப் பின்வந்தோர் திருத்தினர். ஆனால் திருத்தியவர்கள் எலும்பை நேரில் கண்டு முடிவு செய்ய இயலவில்லை. மழையில் ஊறியும் வெயிலில் வெடித்தும் போகும் களிமண்ணில் கிடந்த அவ்வெலும்புகள் எடுத்த பின்னர் நொறுங்கி அழிந்துவிட்டன. எஞ்சியவை சுருக்கமான வருணனையும் சில படங்களும் மட்டுமே. ஆகவே, அது எலும்பே அன்று, கல்மரத் துண்டாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடப்பதை அறிந்தோர்க்கு இவ்வையம் வியப்பளிக்காது.

ஒரு பெயர் நிலைபெற அதற்கு ஆதாரமான மாதிரி காப்பகத்தில் இருக்கவேண்டும். ஐயம் எழும்போதெல்லாம் எடுத்து அளந்து பார்ப்பதற்கே அது. இங்கு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. அகழ்வின்போது எடுத்த பழைய ஒளிப்படங்களை 2022-இல் அய்யசாமியும் மற்றோர் ஆய்வாளரும் வெளியிட்ட பின்னரே எலும்புதான் என்ற கட்சி வலுப்பெற்றது. மறு ஆண்டு வெளியான ஆய்வொன்று இதன் எடையை 110 முதல் 170 டன் வரை மதிப்பிட்டு, நீலத் திமிங்கலத்தோடு ஒப்பிட வைத்தது. மதிப்பிட்டவர்களே இதனை ஊகம் என்று குறித்திருப்பதைச் செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தவில்லை. கல்லமேட்டில் மற்றோர் எலும்பு கிடைத்தாலன்றி இவ்வழக்குத் தீரப்போவதில்லை.