பலகையில் மாறிய சொல்

டிசம்பர் 6 என்றால் நம் நாட்டில் எல்லோருக்கும் 1992 தான் நினைவுக்கு வரும். எனக்கு அதற்கு மூன்று வருடம் முந்தைய டிசம்பர் 6-ம் கூடவே வந்து நிற்கும். அது கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்தது. இன்றைக்கு அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

1989-ல் நான் புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர். பள்ளியில் படித்த பிரெஞ்சு மறந்துவிடக் கூடாது என்பதற்காக, இரவு சாப்பாடு முடிந்ததும் சிற்றலை வானொலியில் பிரெஞ்சு செய்தி கேட்பது வழக்கம். டிசம்பர் 7-ம் தேதி இரவு அதில்தான் கேட்டேன். மாண்ட்ரியலில் ஒரு பொறியியல் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு புகுந்த ஒருவன் 14 பெண்களைக் கொன்றுவிட்டான். என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. கணக்கில் கெட்டிக்காரி. அவளை எஞ்சினியருக்குப் படிக்கவைக்க வேண்டும் என்று அவள் அம்மா சொல்லிக்கொண்டிருந்த காலம். நான் வானொலியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

நடந்தது இதுதான். எகோல் பொலிடெக்னிக் என்பது மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பழைய பொறியியல் கல்லூரி. 1873-ல் தொடங்கியது. அன்று மாலை 5.10 மணி அளவில், 25 வயது இளைஞன் ஒருவன் இரண்டாம் மாடியில் ஒரு வகுப்புக்குள் நுழைந்தான். ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம் நிற்கச் சொன்னான். சுமார் 50 ஆண்களை வெளியே போகச் சொன்னான். அவர்களும் போனார்கள். உள்ளே ஒன்பது பெண்கள். நீங்களெல்லாம் பெண்ணியவாதிகள் என்று அவன் சொல்ல, நாங்கள் வெறும் மாணவிகள்தான் என்று ஒருத்தி பதில் சொன்னாள். அவன் சுட்டான். ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். பிறகு நடைபாதை, உணவகம், இன்னொரு வகுப்பு என்று கட்டடம் முழுக்கச் சுற்றினான். மொத்தம் 14 பெண்கள் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் பொறியியல் மாணவிகள், ஒருவர் செவிலியர் படிப்பு மாணவி, ஒருவர் கல்லூரி அலுவலக ஊழியர். இன்னும் 14 பேருக்குக் காயம். 5.30-க்குச் சற்று முன் அவன் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தான். அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை.

இருபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்படியானால் போலீஸ் எங்கே என்ற கேள்வி வரும்.

போலீஸ் வந்துவிட்டது. அவன் உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டது. ஆனால் உள்ளே போகவில்லை. அந்தக் காலத்து விதிமுறை அப்படி. துப்பாக்கிக்காரன் உள்ளே இருந்தால், முதலில் வந்த காவலர்கள் கட்டடத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு, சிறப்புப் படை வரும்வரை காத்திருக்க வேண்டும். வங்கிக் கொள்ளை, பணயக் கைதி போன்ற சமாச்சாரங்களுக்காக எழுதிய விதி அது. பேரம் பேச நேரம் இருக்கும் என்ற எண்ணத்தில் எழுதியது. வந்தவனோ பேரம் பேச வரவில்லை. காவலர்கள் வெளியே நின்றபோது உள்ளே பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அவன் தானாக நிறுத்திய பிறகுதான் போலீஸ் உள்ளே போனது.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. மாண்ட்ரியல் போலீஸின் செய்தித் தொடர்பு அதிகாரி அன்று வெளியே பத்திரிகைக்காரர்களிடம் விவரம் சொல்லிவிட்டுக் கட்டடத்துக்குள் போனார். இறந்து கிடந்தவர்களில் அவருடைய மகளும் இருந்தாள். போலீஸ் வேறு, ஊர் வேறு என்று பிரித்துப் பேச முடியாதபடி ஆகிவிட்டது அந்த மாலை.

மூன்று நாள் துக்கம் அறிவித்தார்கள். டிசம்பர் 11-ம் தேதி நோத்ர்-தாம் பேராலயத்தில் ஒன்பது பெண்களுக்கு ஒன்றாக இறுதிச் சடங்கு. பிரதமர் முல்ரோனி வந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் வந்தார்கள். அதன் பிறகுதான் கேள்விகள் தொடங்கின.

பொது விசாரணை வேண்டும் என்று பலரும் கேட்டார்கள். அது நடக்கவில்லை. குடும்பங்களுக்கு மேலும் வேதனை, பெண்களுக்கு எதிராக இன்னும் வன்முறை வரலாம் என்று காரணம் சொல்லப்பட்டது. போலீஸ் தயாரித்த அறிக்கை வெளியே வரவில்லை. கொலைகாரன் எழுதி வைத்திருந்த கடிதத்தையும் அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. சுமார் ஒரு வருடம் கழித்து அது ஒரு பெண் பத்திரிகையாளருக்குத் தபாலில் வந்து, 'லா ப்ரெஸ்' நாளிதழில் வெளியானது. தான் கொல்ல நினைத்த 19 பெண்களின் பெயர்களை அதில் பட்டியல் போட்டிருந்தான். அந்தப் பட்டியலில் அவளுடைய பெயரும் இருந்தது.

ஆனால் ஒரு காகிதம் மட்டும் மூடப்படாமல் வந்தது. அங்கே கோரோனர் என்று ஓர் அதிகாரி உண்டு. நம் பக்கம் சந்தேக மரணத்துக்குத் தாசில்தாரோ சப் கலெக்டரோ விசாரிப்பதுபோல, அங்கே இறப்புகளை விசாரிப்பவர். தெரேசா சூரூர் என்ற பெண்மணி 1991 மே மாதம் அறிக்கை கொடுத்தார். பணி ஓய்வுக்குப் பிறகு அதைத் தேடிப் படித்தேன். அலங்காரம் எதுவும் கிடையாது. அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, யார் எடுத்தார்கள், யாருக்குச் சொன்னார்கள், வண்டி எப்போது கிளம்பியது என்று வரிசையாகப் போகிறது. எந்தக் கட்டடம், எந்த வாசல் என்று தெரிந்துகொள்வதிலேயே நிமிடங்கள் வீணானதைக் காட்டுகிறது. கடைசியில் அவர் வைக்கும் கணக்குத்தான் நெஞ்சை அடைக்கும். அவன் தன்னைச் சுட்டுக்கொண்டபோது சுமார் 60 தோட்டாக்கள் மீதி இருந்தன. அவனை யாரும் தடுக்கவில்லை. அவனாகத்தான் போதும் என்று நிறுத்தினான்.

தபால் பிரிவில் முப்பது வருடம் உட்கார்ந்தவனுக்கு இந்த அறிக்கையின் அருமை தெரியும். உள்வரும் தபாலில் முத்திரை குத்தி, தேதியும் நேரமும் எழுதுவோம். சிலர் அதைக் கேலி செய்வார்கள். ஆனால் ஒரு கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்று கேள்வி வரும்போது, அந்த முத்திரை ஒன்றுதான் பொய் சொல்லாது. சூரூர் அம்மையார் யாரையும் திட்டவில்லை. நேரத்தை எழுதினார். அதுவே போதுமானதாக இருந்தது.

எப்படி என்றால், 2006 செப்டம்பர் 13-ம் தேதி அதே மாண்ட்ரியலில், டாசன் கல்லூரியில் இன்னொருவன் துப்பாக்கியோடு புகுந்தான். வேறு வேலையாக அங்கே வந்திருந்த காவலர்கள் உடனே அவனைப் பின்தொடர்ந்து உள்ளே போனார்கள். மற்றவர்களும் காத்திருக்காமல் நுழைந்தார்கள். ஒரு காவலர் சுட்ட குண்டு அவன் கையில் பட்டது. அவன் தன்னைச் சுட்டுக்கொண்டான். ஒரு மாணவி இறந்தாள், 19 பேர் காயமடைந்தார்கள். அந்த ஒரு உயிரும் பெரிய இழப்புத்தான். ஆனால் 1989-ன் பாடத்தால் விதியை மாற்றியிருக்காவிட்டால் எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று அந்த ஊரே பேசியது.

விதி மாறினால் மட்டும் போதாது என்பதையும் பிறகு பார்த்தோம். 2022 மே 24-ல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில் யுவால்டி என்ற சிறிய ஊரில், ஆரம்பப் பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். அங்கே காத்திருக்கக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருந்தது. பயிற்சியும் இருந்தது. வந்து சேர்ந்த காவலர்கள் 376 பேர். உள்ளே போய் அவனை வீழ்த்த 77 நிமிடம் ஆனது. மாண்ட்ரியலில் தவறு விதியில் இருந்தது. இங்கே விதி சரியாக இருந்தும் பொறுப்பை எடுத்துக்கொள்ள ஆள் இல்லை.

மாண்ட்ரியலுக்குத் திரும்புவோம். போலீஸ் திருந்தியது ஒரு பக்கம். ஊர் எப்படித் தேறியது?

எளிதாகத் தேறவில்லை. வகுப்பை விட்டு வெளியேறிய ஆண் மாணவர்களை, ஏன் போனீர்கள், ஏன் எதிர்க்கவில்லை என்று கேட்டார்கள். துப்பாக்கி முனையில் நின்ற இருபது வயதுப் பையன்களிடம் கேட்கும் கேள்வியா அது? அன்று கல்லூரியில் இருந்த ஒரு மாணவன் சில மாதங்களில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

வகுப்பில் அவனுக்குப் பதில் சொன்ன அந்த மாணவி பிழைத்தாள். பெயர் நத்தாலி ப்ரோவோ. உடம்பில் நான்கு குண்டுகள். சில நாளில் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே பத்திரிகைக்காரர்களிடம் பேசி, பெண்கள் பொறியியல் படிக்க வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அன்று கல்லூரியில் இருந்த ஹைடி ராத்யென் என்ற மாணவி துப்பாக்கிச் சட்டத்துக்காகக் கையெழுத்து வேட்டையில் இறங்கினாள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. 1995-ல் எல்லாத் துப்பாக்கிகளையும் பதிவு செய்யச் சட்டம் வந்தது. 2012-ல் வேறு அரசு நீளத் துப்பாக்கிப் பதிவை நீக்கியது. தங்கள் மாநிலத்துப் பதிவேட்டையாவது கொடுங்கள் என்று கியூபெக் வழக்குப் போட்டு, 2015-ல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தோற்றது. பிறகு தனக்கென்று ஒரு பதிவேட்டை ஏற்படுத்திக்கொண்டது. 1989-ல் அவன் கடையில் சட்டப்படி வாங்கிய அந்த ரூகர் மினி-14 ரகத் துப்பாக்கி தடைசெய்யப்பட்டது எப்போது தெரியுமா? 2020 மே 1-ம் தேதி. முப்பது வருடத்துக்கு மேல். நத்தாலி 2025-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. பத்தாம் ஆண்டு நினைவாக 1999-ல் கல்லூரிக்கு அருகே ஒரு சிறு பூங்கா அமைத்தார்கள். இறந்த 14 பெண்களின் பெயர்கள் அங்கே உண்டு. ஆனால் வாசல் பலகையில், பொலிடெக்னிக்கில் நடந்த சோக நிகழ்வின் நினைவாக என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். பெண்கள் என்பதற்காகக் கொல்லப்பட்டார்கள் என்று அதில் இல்லை. 2019-ல்தான், முப்பதாம் ஆண்டில், அந்தப் பலகையை மாற்றினார்கள். பெண்ணிய எதிர்ப்புத் தாக்குதலில் 14 பெண்கள் கொலை செய்யப்பட்டார்கள் என்று எழுதினார்கள்.

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ராசீன் நாடகம் நடத்தும்போது சொல்வார்: த்ராஜெதி என்றால் விதி செய்வது, அதில் குற்றவாளி இல்லை என்று. புதிய பலகையில் வந்த சொல் அத்தாந்தா. தாக்குதல். அதில் செய்தவன் உண்டு, செய்த காரணம் உண்டு. விதியின் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. போலீஸும் வேண்டியதில்லை, அரசும் வேண்டியதில்லை, நாமும் வேண்டியதில்லை. அந்த ஒரு சொல் மாற முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

2022-ல் அந்தக் கல்லூரிக்கு முதன்முறையாக ஒரு பெண் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். மோட் கோயென் என்ற பொறியாளர். ஒவ்வொரு டிசம்பர் 6-ம் தேதியும் மாலை 5.10-க்கு, மவுண்ட் ராயல் குன்றின் மேல் 14 ஒளிக்கற்றைகள் ஒவ்வொன்றாக வானத்தை நோக்கி எழும். ஒரு பெயர் வாசித்தால் ஒரு விளக்கு. நேரம் தவறுவதில்லை. நம் கணக்குக்கு அது மறுநாள் விடியற்காலை 3.40.

என் மகள் பொறியியல்தான் படித்தாள். இப்போது அவளுக்கே கல்லூரி போகும் வயதில் பெண் இருக்கிறாள். அந்த இரவு வானொலியில் கேட்டதைப் போன வருடம்தான் அவர்கள் இருவரிடமும் சொன்னேன். "அப்பா, இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?" என்று கேட்டாள் மகள். பயமாக இருந்தது என்றேன். அதைச் சொல்ல எனக்கும் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.