ஒரே வாணலி, கோழி, பாஸ்தா: ஒரு மலிவான சாப்பாட்டின் வரலாறு

அமெரிக்காவில் வேலை முடிந்து அலுப்போடு வீட்டுக்கு வருபவர்கள் செய்கிற ராத்திரி சாப்பாடு ஒன்று உண்டு. ஒரே ஒரு வாணலிதான். கோழித் துண்டுகளை வதக்கி, தக்காளி, பூண்டு, தண்ணீர், வேகாத பாஸ்தா எல்லாவற்றையும் அதிலேயே போட்டு மூடிவிட வேண்டியது. பாஸ்தாவிலிருந்து கரைந்து வரும் மாவுச்சத்தே சாற்றைக் கெட்டியாக்கிவிடும். அரை மணி நேரத்தில் வயிறு நிறையும், கழுவவும் ஒரே பாத்திரம்.

இதில் என்ன பெரிய வரலாறு என்றுதான் நானும் நினைத்தேன். தோண்டிப் பார்த்தால் நாம் படிக்கிற காஸ்ட் அக்கவுண்டிங் மொத்தமும் அதற்குள் இருக்கிறது :-)

முதலில் பாஸ்தா. இதற்கு டியூரம் என்ற கெட்டி ரகக் கோதுமை வேண்டும். 1898-ல் அமெரிக்க வேளாண் துறை மார்க் கார்ல்டன் என்பவரை ரஷ்யாவுக்கு அனுப்பியது. அவர் மூலம் வந்த டியூரம் ரகங்கள் வறட்சியைத் தாங்கி, வடக்கு டகோட்டா பக்கம் நன்றாக விளைந்தன. முதல் உலகப் போரில் இத்தாலியிலிருந்து பாஸ்தா வருவது தடைப்பட்டதும், உள்ளூர் ஆலைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

அடுத்து கோழி. அந்தக் காலத்தில் கோழி வளர்த்ததே முட்டைக்காகத்தான். கறி என்பது ஞாயிற்றுக்கிழமை ஆடம்பரம். 1928 தேர்தலில் குடியரசுக் கட்சியின் விளம்பரம் ஒன்று, 'ஒவ்வொரு பானையிலும் ஒரு கோழி' என்பதையே வளமைக்கு அடையாளமாகக் காட்டியது என்றால் பாருங்களேன்!

இதை மாற்றியது ஒரு தவறான ஆர்டர். 1923-ல் டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த சீலியா ஸ்டீல் என்ற பெண் முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டார். வந்தது 500. அவர் திருப்பி அனுப்பவில்லை. கறிக்காக வளர்த்து, பிழைத்த 387 கோழிகளை பவுண்டு (சுமார் 450 கிராம்) 62 சென்ட்டுக்கு விற்றார். நல்ல லாபம். 1926-ல் அவரிடம் 10,000 கோழிகளுக்கு இடம் இருந்தது. அக்கம்பக்கத்தாரும் அதே தொழிலில் இறங்கினார்கள்.

பிறகு ஏ அண்ட் பி என்ற மளிகைக்கடை நிறுவனம், நெஞ்சுக்கறி அதிகமுள்ள கோழி இனத்துக்காக ஒரு போட்டியை ஆதரித்தது. அதன் பெயர் 'நாளைய கோழி'. 1948-ல் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ் வென்றார். 1925-ல் ஒரு கோழி சுமார் 1.1 கிலோ எடைக்கு வர 112 நாட்கள் ஆயின. இன்று 47 நாட்களில் ஏறக்குறைய 3 கிலோ வந்துவிடுகிறது.

மூன்றாவது, ஒரே வாணலி என்கிற யோசனை. 1971-ல் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 'ஹாம்பர்கர் ஹெல்ப்பர்' என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. உள்ளே பாஸ்தாவும் மசாலாத் தூளும். ஒரு பவுண்டு கொத்துக்கறி சேர்த்தால் ஒரே வாணலியில் குடும்பத்துக்கே சாப்பாடு. மாட்டிறைச்சி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம் என்பதால் பிய்த்துக்கொண்டு போனது. அதே முறையில் கோழி சேர்ப்பதும் பிறகு சகஜமானது.

ஆக எல்லாம் மலிவாகிவிட்டது. ஆனால் செலவு என்பது மறைவதில்லை, வேறு யாருடைய கணக்குக்கோ மாறுகிறது, அவ்வளவுதான். அமெரிக்க ஒப்பந்தப் பண்ணைகளில் குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையவை. கொட்டகையும் அதைக் கட்ட வாங்கிய கடனும் விவசாயியுடையவை. வேகமாக எடை ஏறும் கோழிக்குக் கால்கள் தாங்குவதில்லை. நம் பல்லடம் பக்கமும் கறிக்கோழி பெரும்பாலும் ஒப்பந்த முறையில்தான் வளர்கிறது.

கோழி சாப்பிடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் சாப்பிடுகிறவன்தான். விலைச்சீட்டில் இருப்பது விற்பனை விலை மட்டுமே, அடக்கவிலை இல்லை. நம் வகுப்பில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்த இந்த வித்தியாசத்தை ஒரு தட்டு பாஸ்தா எனக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தது.