துரியோதனன் படுகளம்: ராட்சத மண் உருவத்தை ஊரே கூடிச் செய்து, அன்றே உடைப்பது ஏன்?

வெயில் காலம் வந்தாலே இந்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். உங்க போனுக்கும் வந்திருக்கலாம். ஊர்த் திடலில் மல்லாந்து கிடக்கும் ஒரு ராட்சத மண் உருவம். முறுக்கு மீசை, உருட்டி விழிக்கும் கண்கள், தலையில் கிரீடம். வேஷம் கட்டிய இரண்டு பேர் கதாயுதத்தோடு அதைச் சுற்றி ஓடுகிறார்கள், அதன் மேலேயே ஏறிச் சண்டை போடுகிறார்கள். சுற்றி நூற்றுக்கணக்கான ஜனங்க. கடைசியில் பொம்மையின் தொடையில் ஓங்கி ஒரு அடி விழுகிறது. சிவப்பாக ஏதோ பீறிடுகிறது.

கீழே கமெண்டில் பாதிப் பேர் "இது எந்த ஊர்? என்ன பண்றாங்க?" என்று கேட்டிருப்பார்கள். மீதிப் பேர் "நம்ம ஊரு ஹாலோவீன்" என்று எழுதியிருப்பார்கள்.

இது துரியோதனன் படுகளம். காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் சுற்றுவட்டாரம், பக்கத்தில் மதுராந்தகம், செய்யாறு, வந்தவாசி, தெற்கே செஞ்சி வரை திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற பல கிராமங்களில் நடப்பது. ஹாலோவீன் என்று சொல்வதும் முழுசாகத் தப்பில்லை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஹாலோவீனோடு ஒப்பிடலாமா?

அக்டோபர் 31 அன்று அமெரிக்காவில் வீட்டு வாசலில் எலும்புக்கூடு, பேய் உருவம், முகம் செதுக்கிய பூசணிக்காய் எல்லாம் வைப்பார்கள். பூசணிக்கு நம்ம பக்கமும் வேலை உண்டு. கட்டடம் கட்டும் இடத்தில் ராட்சத முகம் வரைந்த திருஷ்டிப் பூசணி தொங்குவதைப் பார்க்காதவர் யார்? ஹாலோவீன் பொம்மைகளைச் சிலர் மாதக்கணக்கில் உட்கார்ந்து கையாலேயே செய்வார்கள். பெரும்பாலும் கடையில் வாங்குவதுதான். 2020-ல் ஹோம் டிப்போ என்ற கடை 12 அடி எலும்புக்கூட்டை விற்க ஆரம்பித்து, அது அங்கே பெரிய பரபரப்பானது.

நம்ம துரியோதனன் சின்னதாக இருந்தாலே 20 அடி இருப்பார். 50, 60 அடி நீளத்துக்குச் செய்கிற ஊர்களும் உண்டு. எந்தக் கடையிலும் கிடைக்க மாட்டார். மடித்து அட்டைப் பெட்டியில் போட்டு அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கவும் முடியாது. ஒவ்வொரு முறையும் வெறும் தரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செய்யத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தால்தான் பொம்மை. பிரச்னையும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

இது எந்தத் திருவிழாவின் பகுதி?

திரௌபதி அம்மன் கோயில்களில் நடப்பது அக்னி வசந்த விழா. பெரும்பாலும் அறுவடை முடிந்த பிறகு, பங்குனி கடைசியில் தொடங்கி ஆடி வரைக்கும் ஊருக்கு ஊர் தேதி மாறும். பகலில் பாரதச் சொற்பொழிவு. ராத்திரி முழுக்கக் கூத்து. பகலில் சொன்ன கதையை ராத்திரி ஆடிக் காட்டுவார்கள்: வில் வளைப்பு, திரௌபதி கல்யாணம், துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று கதை நகரும். கடைசி ராத்திரி பதினெட்டாம் போர். விடிந்ததும் படுகளம். அன்று சாயங்காலம் தீமிதி. மறுநாள் தருமர் பட்டாபிஷேகத்தோடு கொடி இறங்கும்.

இந்த மண்ணில் பாரதம் சொல்வது புதுசு இல்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் கூரம் என்ற ஊரில் கிடைத்த பல்லவர் காலச் செப்பேடு, அங்குள்ள மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்காக ஒரு பங்கு ஒதுக்கியதைச் சொல்கிறது. அது முதலாம் பரமேஸ்வரவர்மன் காலம், அதாவது 7-ம் நூற்றாண்டு. பாரதம் படித்தால் மழை வரும் என்று இன்றும் கிராமத்தில் சொல்வதைக் கேட்கலாம்.

பொம்மையை எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் இடம். கோயிலை ஒட்டிய திடலோ, அறுவடை முடிந்த வயலோ. தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, தரையில் கோடு கிழித்து உருவத்தின் எல்லையைப் போட்டுக்கொள்வார்கள். இந்தக் கோடுதான் பாதி வேலை. கை உடம்புக்குச் சின்னதாகப் போய்விட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

அடுத்து மண். ஒரு சின்னக் கணக்கு. 40 அடி நீளம், சராசரியாக 10 அடி அகலம், 2 அடி உயரம் என்று வைத்தால் 800 கன அடி. நம்ம பக்கம் 100 கன அடியை ஒரு யூனிட் என்போம். அப்படியென்றால் சுமார் 8 யூனிட். டிராக்டர் டிப்பரில் சுமார் எட்டு நடை. தலையும் மார்பும் இடுப்பளவு, ஆள் உயரம் என்று எழும்பினால் இன்னும் கூடும். ஒரு காலத்தில் மாட்டு வண்டியிலும் கூடையிலும் சுமந்த வேலை இது. இப்போது டிராக்டர், ஜேசிபி வந்துவிட்டதால்தான் பொம்மைகளும் வருஷா வருஷம் வளர்கின்றன. பக்கத்து ஊர் பொம்மையைவிட நம்ம பொம்மை பெருசு என்ற போட்டியும் ஒரு காரணம், அதை மறைப்பானேன்?

மணல் கலந்த மண் நிற்காது, சரிந்துவிடும். ஏரி மண், களிமண்தான் வேண்டும். தண்ணீர் விட்டுக் குழைத்து, மிதித்து, மண்வெட்டியால் தட்டி ஏற்றுவார்கள். சித்திரை வெயிலில் ஈரம் காய்ந்ததும் வெடிப்பு விழும். வைக்கோலோ பதரோ கலந்தால் வெடிப்பு குறையும். விழுந்த வெடிப்பை ஈர மண்ணால் பூசிவிடுவார்கள். இதைச் சுடுவதில்லை, அச்சில் வார்ப்பதும் இல்லை. ஒரு நாள் நின்றால் போதும். கோடை மழைதான் எதிரி, அதனால் தார்ப்பாய் தயாராக இருக்கும்.

ஏரியிலிருந்து மண் வருவதில் கதைப் பொருத்தமும் இருக்கிறது. தோற்றுப்போன துரியோதனன் கடைசியில் ஓடி ஒளிந்தது ஒரு மடுவின் தண்ணீருக்குள்தான். அங்கிருந்து கூப்பிட்டு இழுத்த பிறகுதான் பீமனோடு சண்டை.

உடம்பு முடிந்தால் முகம். இதை எல்லோரும் கை வைக்க விட மாட்டார்கள். புருவம், மூக்கு, பல், மீசை எல்லாம் கைப்பழக்கம் உள்ளவரின் வேலை. பிறகு சுண்ணாம்பு அடித்து, காவி, கரி, கலர்ப் பொடி என்று வண்ணம் தீட்டுவார்கள். கிரீடம், மார்பில் ஆபரணம், கையில் கதாயுதம், கழுத்தில் மாலை. இப்போது சில இடங்களில் எனாமல் பெயிண்டும் வந்துவிட்டது. பளபளப்பாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக்கு இந்த மண் திரும்ப வயலுக்கோ ஏரிக்கோ போகப்போகிறது. பெயிண்டும் கூடவே போகும். சுண்ணாம்பும் காவியுமே போதும் என்பது இதை எழுதுபவரின் கட்சி.

தொடைக்குள் என்ன வைக்கிறார்கள்?

வலது தொடையா, இடது தொடையா என்பதில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. தொடையில் குழி விட்டு, அதில் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய சின்ன மண்சட்டியைப் புதைத்து மேலே மண் பூசிவிடுவார்கள். குங்குமம் கரைத்த தண்ணீராக இருக்கலாம், ஆரத்தித் தண்ணீராகவும் இருக்கலாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ரத்தச் சிவப்பாகும் என்பது நம்ம வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த வேதியியல்தானே.

கதாயுதச் சண்டையில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் கிருஷ்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுகிறான். பீமன் புரிந்துகொண்டு துரியோதனன் தொடையில் அடிக்கிறான். அந்த அடி மண் பொம்மையின் தொடையில் விழுகிறபோதுதான் சட்டி உடைந்து சிவப்பு வெளியே வருகிறது. சபையில் மானபங்கப்பட்ட அன்று அவிழ்த்த கூந்தலைத் திரௌபதி இந்த ரத்தம் தொட்டு முடிகிறாள். கூந்தல் முடிதல் என்று இதற்கே தனிச் சடங்கு. அதுவரை ஆர்ப்பரித்த கூட்டம் அந்த நேரத்தில் கையெடுத்துக் கும்பிடும்.

அதோடு முடிவதில்லை. பெருந்திருவாள் வருவாள். கூத்தில் துரியோதனன் மனைவிக்கு அந்தப் பெயர். செத்துக் கிடக்கும் புருஷனைப் பார்த்து ஒப்பாரி வைப்பாள். வேஷம் கட்டியிருப்பது பெரும்பாலும் ஆண்தான். ஆனாலும் சுற்றி நிற்கும் பெண்கள் நிஜமாகவே அழுவதைப் பார்க்கலாம். காலையிலிருந்து "அடி, அடி" என்று கத்திய அதே கூட்டம்! வில்லன் செத்தான் என்று கைதட்டிவிட்டுப் போகிற விஷயமாக இதை யாரும் பார்ப்பதில்லை. கேரளாவில் கொல்லம் மாவட்டம் மலநடையில் துரியோதனனைத் தெய்வமாகவே கும்பிடுகிறார்கள்.

யார் செய்கிறார்கள்? என்ன ஆபத்து?

சில ஊர்களில் மண்பாண்டத் தொழிலாளர் குடும்பங்கள். சில ஊர்களில் கூத்துக் குழுவில் இருப்பவர்களே. சில ஊர்களில் இளைஞர்கள் கூடி, ஒரு பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்லச் செய்வார்கள். எழுதி வைத்த அளவோ வரைபடமோ கிடையாது. போன முறை செய்தவர் இந்த முறையும் இருக்க வேண்டும். செலவு காரணமாகப் பல ஊர்களில் இந்த விழா வருஷா வருஷம் நடப்பதில்லை, சில வருஷம் விட்டுத்தான் நடக்கிறது. இடைவெளி நீண்டால் மூக்கு எப்படி எடுப்பது என்று தெரிந்த கை போய்விடும். தலைக்கட்டு வரி போட்டால் பணம் வந்துவிடும், கைப்பழக்கம் அப்படி வராது.

கூத்துக்கும் இதே கதைதான். முழு விழா நடத்த முடியாத ஊர்கள் இரண்டு மூன்று ராத்திரியோடு சுருக்கிக்கொள்கின்றன. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால், ஹன்னே டி ப்ரூயின் ஆகியோர் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் 2002 முதல் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் பயிற்சி பெற்றார்கள். அந்தக் குருகுலம் 2020-ல் மூடப்பட்டது.

மண்ணும் முன்பு போல நினைத்ததும் கிடைக்காது. ஏரியில் மண் எடுக்க அனுமதி வேண்டும். விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் மண், களிமண் எடுக்கத் தாசில்தார் அளவிலேயே அனுமதி தரலாம் என்று 2024-ல் அரசு விதியை எளிதாக்கியது. ஆனால் அது விவசாயி, தொழிலாளிக்கான சலுகை. திருவிழாக் குழுவினர் முன்கூட்டியே தாலுகா ஆபீஸில் கேட்டுவிடுவது நல்லது.

பேசாமல் விடக் கூடாதது இன்னொன்று. ஊரே சேர்ந்து என்கிறோம், அந்த 'ஊர்' யார்? விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் நுழைய எதிர்ப்புக் கிளம்பி, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கு சீல் வைத்தார்கள். நீதிமன்ற உத்தரவுக்குப் பின் 2024 மார்ச்சில் பூஜைக்காகத் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் போலீஸ் பாதுகாப்போடுதான் பட்டியலின மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. சபை நடுவே அவமானப்பட்ட ஒரு பெண்ணைக் கும்பிடுகிற கோயில் அது.

உடைத்த பிறகு மண் என்ன ஆகும்?

படுகளம் முடிந்ததும் பல ஊர்களில் ஜனங்க பொம்மையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போவார்கள். நெல் வைக்கும் இடத்தில் போட்டால் தானியம் குறையாது, வயலில் தூவினால் விளைச்சல் வரும் என்பது நம்பிக்கை. மீதி மண் திடலிலேயே கரையும், அல்லது யாராவது வயலுக்கு அடித்துக்கொள்வார்கள்.

நேரில் பார்க்க ஆசையா? சித்திரை, வைகாசியில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒட்டியிருக்கும் அக்னி வசந்த விழா போஸ்டரைப் பாருங்க. எந்த ஊர், என்றைக்குப் பதினெட்டாம் போர் என்று போட்டிருக்கும். அதற்கு மறுநாள் காலைதான் படுகளம். சாயங்காலத் தீமிதிக்குப் போய்விட்டுப் பொம்மையைத் தேடினால் வெறும் மண்மேடுதான் இருக்கும். காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், ராத்திரி முழுக்க ஆடியவர்கள்தான் வெயிலிலும் ஆடுகிறார்கள் என்பதால் வீடியோ எடுக்கிறேன் என்று அவர்கள் ஓடுகிற பாதையில் நிற்காதீர்கள். தண்ணீர் பாட்டிலும் துண்டும் மறக்க வேண்டாம், திடலில் நிழல் இருக்காது.