மைஸிரின் அம்புகள் முதல் கைப்பேசி வரை

ஜாஹிலிய்யாக் கால அரபியரிடம் ‘மைஸிர்’ என்னும் சூதாட்டம் இருந்தது. ஒட்டகத்தை அறுத்துப் பங்கிடுவர். பத்து அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி எடுப்பர். ஏழு அம்புகளுக்குப் பங்குண்டு, மூன்றுக்கு இல்லை. வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவதும் உண்டு. ஆதலால் அது குலத்து ஆடவரின் கொடைப்பெருமையாகவே எண்ணப்பட்டது. அச்சமூகத்திடம்தான், மதுவிலும் சூதிலும் சில பயன்கள் இருப்பினும் அவற்றின் பாவமே பெரிது என அல்குர்ஆன் (2:219) அறிவித்தது. பின்னர் அல்மாயிதா அத்தியாயம் (5:90, 91) இரண்டையும் முற்றாக விலக்கியது. அவை பகைமையை மூட்டும், தொழுகையைத் தடுக்கும் என்று காரணமும் கூறியது.

பிற்காலத்திலும் சூதுக்களங்கள் பெரும்பாலும் ஆடவர் கூடுமிடங்களாகவே இருந்தன. நம் ஊர்ச் சீட்டாட்டக் கிளப்புகளும் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலும் அவ்வாறே. ஆனால் இங்கிலாந்தில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் வணிகப் பிங்கோ அரங்குகளுக்கு வழிதிறந்தபோது, அவற்றை நிரப்பியோரில் பெரும்பாலோர் உழைக்கும் குடும்பத்துப் பெண்கள். பெண்களைச் சூதிலிருந்து விலக்கி வைத்ததில் இயல்பைவிட இடத்துக்கே பங்கு அதிகம் என்பதை இது உணர்த்துகிறது. இன்று கைப்பேசி அந்த இடத்தின் சுவர்களையே நீக்கிவிட்டது.

இளையோரில் ஆண்பிள்ளைகளே சூதுக்கு மிகுதியாக அடிமையாகின்றனர் எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்கள் இளவயதிலேயே தொடங்குகின்றனர். திறமையால் வெல்லலாம் என்று நம்பி, சீட்டையும் விளையாட்டுப் பந்தயத்தையும் நாடுகின்றனர். பெண்கள் பொதுவாகப் பிந்தித் தொடங்குகின்றனர். தனிமையையும் மனத்துயரையும் மறக்கவே பலர் ஆடுகின்றனர். ஆயினும் சிகிச்சைக்கு வரும் பெண்களிடம், தொடக்கத்திலிருந்து சிக்கல் முற்றுவதற்கான காலம் ஆண்களைவிடக் குறுகியதாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

தமிழகம் 2003இல் லாட்டரியைத் தடைசெய்தது. 2025இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடைச்சட்டம் இயற்றியது. எனினும் வீட்டுக்குள் சட்டம் செய்யக்கூடியது குறைவு. அங்கே நாம் என்ன செய்கிறோம்? மகன் கடன்பட்டால் ‘வாலிபத் தவறு’ என்று கடனை அடைத்துவிடுகிறோம்; அவன் திருந்துவதில்லை. மகள் கடன்பட்டால் குடும்ப மானம் கருதி மூடிவிடுகிறோம். அவளால் வாய்திறக்கவே முடிவதில்லை.

இறைவசனம் ஈமான் கொண்டோர் அனைவரையும் ஒருசேர விளித்தே சூதைத் தடுத்தது. நம் கண்டிப்பும் பரிவும் அவ்வாறே இருபாலருக்கும் பொதுவாக வேண்டும். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவரையும் காத்தருள்வானாக. ஆமீன்.