ஒரு குறி, இரு பணி: சதுர அடைப்பும் சந்திரக்கலையும்

1. முன்னுரை

எந்த எழுத்துமுறையிலும் ஒரு குறி ஒன்றுக்கு மேற்பட்ட பணிகளை ஏற்பதுண்டு. கணிப்பொறிக்கென வகுக்கப்பட்ட நிரல்மொழிகளும் இதற்கு விலக்கல்ல. 1990இல் முதல் வரையறை பெற்ற ஹாஸ்கெல் என்னும் சார்புவழி நிரல்மொழியில் சதுர அடைப்புக்குறி இரு பணிகளைச் செய்கிறது. அதனுள் ஓர் எண்ணை இட்டால், அது ஓர் உறுப்பே உடைய பட்டியல். ‘முழுஎண்’ என்னும் வகைப்பெயரை இட்டால், எத்தனை முழுஎண்களாயினும் அடங்கும் பட்டியலின் வகைப்பெயர். இந்த இரட்டைப் பயன்பாடு கற்போரைக் குழப்புமா என்னும் வினாவுக்குக் கேரள எழுத்து வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தமிழில் உகரக்குறி

முதலில் நாம் நன்கறிந்த சான்று ஒன்றைக் காண்போம். பசு, காசு ஆகிய இரு சொற்களும் ‘சு’ என்னும் ஒரே வடிவில் முடிகின்றன. முன்னது தனிக்குறிலை அடுத்து வந்த முற்றியலுகரம். பின்னது நெடிலை அடுத்து வந்த குற்றியலுகரம். ‘இல்லை’ என்பதனோடு புணருங்கால் முன்னது ‘பசுவில்லை’ என உடம்படுமெய் பெறுகிறது. பின்னது ‘காசில்லை’ என உகரம் கெடுகிறது. குறி ஒன்றேயாயினும், முன்னின்ற ஒலி அதன் பணியை உணர்த்திவிடுவதால் தமிழ்ச் சிறார் இடர்ப்படுவதில்லை.

3. மலையாளத்தில் சந்திரக்கலை

மலையாளத்தில் மெய்யைக் காட்ட எழுத்தின்மேல் இடப்படும் பிறைவடிவக் குறி சந்திரக்கலை எனப்படும். குற்றியலுகரத்தைத் திருவிதாங்கூர் வழக்கில் உகரக்குறியும் சந்திரக்கலையும் சேர்த்து எழுதினர். வடகேரள வழக்கில் சந்திரக்கலை மட்டும் போதுமானதாயிற்று. சூரநாட்டு குஞ்ஞன் பிள்ளை தலைமையிலான குழுவின் பணியைத் தொடர்ந்து, 1971இல் திருவனந்தபுரத்திலிருந்து கேரள அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. அதன்பின் பொது வழக்கில் இரண்டாம் முறையே நிலைபெற்றது. இவ்வாறு சந்திரக்கலை மெய்யையும் குற்றியலுகரத்தையும் ஒருங்கே சுட்டலாயிற்று.

இதனால் பெருங்குழப்பம் விளையவில்லை. சொல்லிடையில் அது மெய்யைக் காட்டும். சொல்லிறுதியில் குற்றியலுகரத்தைக் காட்டும். இறுதியில் நிற்கும் ன், ர், ல், ள், ண் ஆகியவற்றுக்குச் ‘சில்லு’ என்னும் தனிவடிவங்கள் இருப்பதே இதற்குக் காரணம். எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் ‘பாலக்காட்’ என வருவதைத் தமிழில் ‘பாலக்காடு’ என எழுதுவதும் இவ்விதியை ஒட்டியதே.

4. இடம் தெளிவிக்காத நிலை

கணிப்பொறிக் குறியேற்றத்தில் இவ்வேறுபாடு நலிந்தது. ஒருங்குறியின் முந்தைய பதிப்புகளில் சில்லுக்குத் தனிக்குறியெண் இல்லை. மெய்யெழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குப் புலனாகாத இணைப்பி ஆகிய மூன்றும் சேர்ந்தே அது உருவாயிற்று. இணைப்பி விடுபட்டால், எழுவாயாகிய ‘அவன்’ என்பதும், ‘அவனுக்கு’ எனப் பொருள்படும் ‘அவனு’ என்பதும் ஒன்றாகிவிடும், செய்தவன் பெற்றவனாகிவிடுவான். மொழிபெயர்ப்பாளருக்கு இது சிறு பிழையன்று. நீண்ட விவாதத்திற்குப்பின் 2008இல் ஒருங்குறி 5.1 பதிப்பு சில்லுகளுக்குத் தனிக்குறியெண்களை வழங்கியது.

ஹாஸ்கெலின் வரலாறும் இதனை ஒத்ததே. அதில் வகைக்குரிய இடமும் மதிப்புக்குரிய இடமும் வேறுவேறாதலால், தொடக்கத்தில் இடமே அடைப்பின் பொருளை உணர்த்தியது. 2012இல் கிளாஸ்கோ ஹாஸ்கெல் நிரல்பெயர்ப்பியில் வந்த விரிவாக்கம் ஒன்று, பட்டியலையே வகைக்குரிய இடத்தில் எழுத வழிசெய்தது. இரு பொருளும் ஓரிடத்தில் நிற்க நேர்ந்ததால், வேறுபடுத்த அடைப்பின்முன் ஒற்றை மேற்கோட்குறி ஒன்று தேவைப்பட்டது. பட்டியல் வகையை ‘லிஸ்ட்’ என்னும் பெயரால் குறித்து, அடைப்பைப் பட்டியலுக்கு மட்டுமே உரியதாக்கும் விருப்பத்தேர்வு 2024இல் சேர்ந்தது.

5. முடிவுரை

குறியொன்று பல பணிகளை ஏற்பதனாலேயே குழப்பம் பிறப்பதில்லை. அப்பணிகள் ஒரே இடத்தில் போட்டியிடும்போதே பிறக்கிறது என்பது இச்சான்றுகளால் பெறப்படும். எனவே மொழியாயினும் நிரல்மொழியாயினும், கற்பிப்போர் குறியின் பொருளை மட்டும் கூறாது, அது நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். இடம் தெளிவிக்கத் தவறும்போது மட்டுமே புதிய குறியை நாடுதல் தகும்.