ஸென்ஸெரோவும் நம்ம ஊர் இஞ்சியும்

மான்ட்ரியலில் பியர்பொன்ட்ஸ் பகுதியில் குடியிருக்கிறேன். பிழைப்புக்கு மென்பொருள், சொல்லாராய்ச்சி வெறும் ஆசைதான். இங்கே கடையில் இஞ்சியைப் பிரெஞ்சில் 'ஜான்ஜாம்ப்ர்' என்பார்கள். ஒருநாள் நான் வாங்கி வந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி, "ஓ, ஸென்ஸெரோ!" என்றார். இரண்டும் ஒரே சொல்லின் கிளைகள். அதில் நமக்கும் பங்குண்டு.

இத்தாலிய ஸென்ஸெரோ, இலத்தீனின் 'ஸிங்கிபெர்' என்பதன் வழித்தோன்றல். இலத்தீனுக்கு இது கிரேக்க 'ஸிங்கிபெரிஸ்' வழியாக வந்தது. கிரேக்கத்துக்கோ இந்தியாவிலிருந்து போனது. பாலி மொழியில் இதன் வடிவம் 'சிங்கிவேர'. வடமொழியில் 'சிருங்கவேர'. சிருங்கம் என்றால் கொம்பு என்பதால், 'கொம்பு போன்ற உடலுடையது' என்று பொருள் சொல்வதுண்டு. இது பின்னாளில் பொருத்திய விளக்கம் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அவர்கள் காட்டும் மூலம் திராவிடம்: இஞ்சி, வேர்.

அப்படியானால் முன்னால் சகரம் எப்படி வந்தது? புதிதாக வந்ததல்ல, பழைய வடிவத்தில் இருந்து, தமிழில் உதிர்ந்துபோனது என்கிறார்கள். சிறகு இறகானதையும், சிப்பி இப்பியானதையும் நினைத்துப் பாருங்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி, இஞ்சி மிளகுச் செடியின் வேர் அல்ல என்று சரியாகவே எழுதினார். ஒரு பவுண்டு 6 தினாரியஸ் என்று விலையும் குறித்தார். கருமிளகு 4 தினாரியஸ்தான். ஆனால் இஞ்சி விளையும் இடம் அரேபியாவும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையும் என்றார்! சரக்கு பல கை மாறிப் போனதில் பிறந்த ஊர் மறந்துவிட்டது போலும். பெயர் மட்டும் அதை மறக்கவில்லை.

இதை வைத்து உலகச் சொற்களெல்லாம் தமிழே என்று வாதாட நான் தயாரில்லை. இலத்தீனின் 'ஒரைஸா' அரிசியிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே இன்றும் உடன்பாடு இல்லை. உறுதியானதை உறுதியாகவும், ஐயமானதை ஐயமாகவும் சொன்னால்தான் மற்றவர் நம் பேச்சைக் கேட்பார்கள்.

பாட்டியிடம் கதையைச் சொன்னேன். "இல்லை தம்பி, அது எங்கள் சொல்" என்றார். யோசித்தால் அதுவும் சரிதான். இரண்டாயிரம் ஆண்டுகள் வாயில் வைத்துக் காப்பாற்றியவர்களுக்கு உரிமை இல்லையா என்ன?