புற்றுநோய் மருந்தும் குடல்வாழ் நுண்ணுயிரும்

நாகலாபுரத்திலும் மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழ் நேயர்கள் அறிந்து மகிழத்தக்க வரலாறு ஒன்று உண்டு. மரத்தில் பிறந்த புற்றுநோய் மருந்தொன்று மனிதனின் குடலில் எதிர்பாராத இடையூற்றைச் சந்தித்த வரலாறு அது.

1966-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மன்ரோ வால், மன்சுக் வாணி என்னும் அறிஞர் இருவர், சீன மரமொன்றிலிருந்து காம்ப்டோதெசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டனர். அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரமொன்றிலும் மிகுதியாக உண்டென 1972-இல் அறிவித்தவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் ஆவர். மராட்டியர் அம்மரத்தை நரக்யா என்பர். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். பின்னர்ப் பம்பாய் கோரேகாவிலிருந்த சீபா ஆராய்ச்சி நிலையத்திற்கு இயக்குநராகச் சென்றவர். நம்மைப் போன்றே பணியின் பொருட்டு ஊர் பெயர்ந்த தமிழர்.

அப்பொருளை நோயாளிகளுக்கு அளித்தபோது நஞ்சின் கடுமை மேலோங்கியதால், 1970-களில் சோதனைகள் கைவிடப்பட்டன. புளித்த பால் பானத்தால் பெயர்பெற்ற ஜப்பானிய யாகுல்ட் நிறுவனத்தார் அதனைத் திருத்தி இரினோடெகான் என்னும் மருந்தாக்கினர். 1994-இல் ஜப்பானும், 1996-இல் அமெரிக்காவும் அதனை ஏற்றன. பெருங்குடல் புற்றுநோய்க்கு அது பயன்பட்டது. ஆயினும் நோயாளிகள் பலர் கடும் வயிற்றுப்போக்கால் வாடினர். மருந்தின் அளவைக் குறைக்கவும், சிகிச்சையையே நிறுத்தவும் நேர்ந்தது.

காரணம் யாது? ஈரல் இம்மருந்தைச் சர்க்கரை அமிலம் ஒன்றுடன் பிணைத்துச் செயலறச் செய்து, பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்புகிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் சில அச்சர்க்கரையைத் தமக்கு உணவாகக் கழற்றிக் கொள்கின்றன. உறையிலிட்ட வாள் மீண்டும் உருவப்படுகிறது. வெட்டுண்பது குடலின் உட்சுவர்.

அவ்வாறாயின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடலாமே எனத் தோன்றலாம். அது தகாது. உணவைச் செரிக்கவும் நோயை எதிர்க்கவும் அவை நமக்கு வேண்டியவை. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய புற்றுநோய்ச் சிகிச்சையைப் பெற்றோருள், கிருமிக்கொல்லி மருந்து உண்டவர்கள் குறைந்த பயனே பெற்றனர் எனப் பாரிசு ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் எடுத்துக்காட்டினர்.

வட கரோலினா அறிஞர்கள் 2010-இல் வேறு வழி கண்டனர். நுண்ணுயிரைக் கொல்லாமல், சர்க்கரையைக் கழற்றும் அதன் நொதியை மட்டும் தடுத்தனர். சோதனை எலிகள் வயிற்றுப்போக்கினின்று தப்பின. இம்முறை இன்னும் மருத்துவமனை வழக்கத்திற்கு வரவில்லை. எனினும் நாம் இன்றே கொள்ளத்தக்க பயன் ஒன்றுண்டு: புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், கிருமிக்கொல்லியையோ குடல்நலத்திற்கென விற்கும் மாத்திரையையோ தாமாக உண்ணாது, முதலில் மருத்துவரைக் கேட்பது நன்று.